முள்ளோடைக்கு இருபுறமும்: அரசு ஊழியர்களுக்கான ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே தெருவில் மூன்று அரசுகளின் ஊழியர்களைப் பார்க்கலாம். ஒருவர் தமிழ்நாடு வருவாய்த் துறையில் இருப்பார். அடுத்த வீட்டுக்காரர் அஞ்சல் துறை, அதாவது மத்திய அரசு. எதிர்வீட்டுக்காரர் தினமும் பஸ் ஏறி, முள்ளோடை எல்லையைக் கடந்து, புதுச்சேரி அரசு அலுவலகத்துக்குப் போய்வருவார். மூவரும் 60 வயதில், பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். பிறந்த தேதி 1 என்றால் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு. இதற்கு மேல் மூவருக்கும் பொதுவானவை குறைவு.

அப்படியிருந்தும் ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அண்மையில் ஓய்வு பெற்ற தெருக்காரரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே நடப்பது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவருக்குப் பொருந்திய ஆணை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். குறிப்பாக மருத்துவச் செலவு விஷயத்தில் இந்தக் குழப்பத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது. அதனால் இந்த வழிகாட்டியில் ஓய்வூதியக் கணக்கை அளவோடு சொல்லி, மருத்துவக் காப்பீட்டில் அதிகம் நிற்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு உரிய விதி எது?

தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978. மத்திய அரசு ஊழியருக்கு மத்திய குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகள் 2021. புதுச்சேரி அரசு ஊழியர்களும் மத்திய விதிகளையே பின்பற்றுகிறார்கள்.

அடுத்து, பணியில் சேர்ந்த தேதி. தமிழ்நாட்டில் 1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தார்கள். அவர்களுக்காக 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை மாநில அரசு அறிவித்திருக்கிறது. அந்த வகையில் வருபவர்கள் செய்தித்தாள் துணுக்கை நம்பாமல் அரசாணையை முழுமையாக வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மத்திய அரசில் எல்லைக்கோடு 1.1.2004. அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டம். 1.4.2025 முதல் யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் வந்திருக்கிறது. என்.பி.எஸ்.ஸில் 60 வயதில் 60 சதவீதம் வரை கையில் எடுக்கலாம், மீதி 40 சதவீதத்துக்கு மாதாந்திர ஆண்டுத்தொகை வாங்க வேண்டும். யு.பி.எஸ்.ஸில் 25 ஆண்டுப் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் 50 சதவீதம் உறுதி.

பழைய ஓய்வூதியத்தில் வருபவர்களுக்கும் இரு அரசுகளுக்கிடையே வித்தியாசம் உண்டு. மத்திய விதியில் 10 ஆண்டுப் பணி இருந்தாலே ஊதியத்தில் பாதி ஓய்வூதியம். தமிழ்நாட்டில் முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் வேண்டும், குறைந்தால் விகிதப்படி குறையும். ஓய்வூதியத்தைத் தொகுத்து முன்பணமாகப் பெறுவது மத்திய அரசில் 40 சதவீதம் வரை, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை. விடுப்பைக் காசாக்குவது மத்திய அரசில் 300 நாள். தமிழ்நாட்டில் ஈட்டிய விடுப்பு 240 நாள். அதோடு சொந்தக் காரணங்களுக்கான ஈட்டா விடுப்பில் 180 நாள்வரை பாதி ஊதியக் கணக்கில் சேரும்.

இரண்டாம் படி: இரண்டு ஆண்டுக்கு முன்பே பணிப்பதிவேடு

58 வயது முடிந்ததும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு உங்கள் பணிப்பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். பணி சரிபார்ப்புப் பதிவு ஒவ்வோர் ஆண்டுக்கும் இருக்கிறதா, மாறுதலில் போன இடங்களில் இடைவெளி விழுந்திருக்கிறதா, தகுதிகாண் பருவம் முடிந்த ஆணை ஒட்டப்பட்டிருக்கிறதா, தேர்வுநிலை, சிறப்புநிலை ஊதிய நிர்ணயம் சரியா என்று பாருங்கள். மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். பழைய அலுவலகத்திலிருந்து ஒரு கையெழுத்து வாங்க விருத்தாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் அலைவதை ஓய்வு பெற்ற பிறகு செய்வதைவிடப் பணியில் இருக்கும்போது செய்வது எளிது. அப்போது உங்கள் கடிதத்துக்கு அலுவலக எண் இருக்கும்.

ஊதிய நிர்ணயத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த தவறு கடைசி நேரத்தில் வெளிவந்து, பணிக்கொடையில் பிடித்தம் என்று சொல்லப்படுவது உண்டு. பஞ்சாப் மாநில அரசுக்கும் ரபிக் மாசிக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சி, டி பிரிவு ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவர்களிடமிருந்தும், அரசின் தவறால் கூடுதலாகத் தரப்பட்ட தொகையைத் திரும்பப் பிடிப்பது கூடாது என்று அது சொல்கிறது. தாழ்ந்த ஊதியத்தில் முப்பது ஆண்டு உழைத்தவருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பாதுகாப்பு. கெஞ்ச வேண்டியதில்லை, தீர்ப்பைக் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுதினால் போதும்.

எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து டிஜிலாக்கரிலோ மின்னஞ்சலிலோ வைத்துவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே புயலையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் ஒற்றைப் பிரதியை நம்பியிருக்கக் கூடாது.

மூன்றாம் படி: பெயர், இனிஷியல், பிறந்த தேதி

சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் தடைபடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நம் பெண்கள் பலருக்குத் திருமணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்து. பள்ளிச் சான்றில் 'கோ. செல்வி', ஆதாரில் 'செல்வி ராமு', வங்கியில் 'ரா. செல்வி' என்று இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு மூன்று பேர்.

ஓய்வூதியக் கருத்துரு தயாராகும் முன் கணவன், மனைவி இருவரின் ஆதார், பான், வங்கிக் கணக்கு, பணிப்பதிவேட்டின் குடும்ப விவரம் ஆகிய நான்கையும் மேசையில் பரப்பி ஒப்பிடுங்கள். எது மாறுபட்டாலும் இப்போதே திருத்துங்கள். வாழ்க்கைத்துணையின் பிறந்த தேதியில் தனிக் கவனம் வேண்டும். 80 வயதில் ஓய்வூதியம் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் 100 சதவீதம் என்று கூடுதலாகக் கிடைக்கிறது. குடும்ப ஓய்வூதியருக்கும் இது உண்டு. ஓய்வூதிய ஆணையில் அவருடைய பிறந்த தேதி இல்லையென்றால், 80 வயது மூதாட்டி தன் வயதை நிரூபிக்க அலைய வேண்டிவரும்.

பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகியவற்றின் வாரிசு நியமனங்களையும் அப்போதே பாருங்கள். திருமணத்துக்கு முன் அம்மா பெயரில் எழுதிக்கொடுத்தது அப்படியே இருக்கலாம்.

நான்காம் படி: மருத்துவக் காப்பீடு, 57 வயதில் தொடங்க வேண்டிய வேலை

தமிழ்நாடு அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வாழ்க்கைத்துணையோடு 25 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத, வேலைக்குப் போகாத பிள்ளைகளும் உண்டு. ஓய்வு பெற்றதும் ஓய்வூதியர் திட்டத்துக்கு மாறுகிறீர்கள். அதில் நீங்களும் வாழ்க்கைத்துணையும் மட்டுமே. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அடுத்த மாதத்திலிருந்து காப்பீடு இல்லை என்பது பலருக்கு மருத்துவமனை வாசலில்தான் தெரியவருகிறது. அவளுக்குத் தனி பாலிசி எடுங்கள். இளம் வயதில் பிரீமியம் குறைவு.

2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான ஓய்வூதியர் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம். காப்பீட்டுத் தொகை 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம். இங்கேதான் நிறுத்தி வாசிக்க வேண்டும்: அந்த 5 லட்சம் ஓராண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுக் காலம் முழுவதற்கும், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. முதல் ஆண்டில் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து 4 லட்சம் போனால், மீதி மூன்று ஆண்டுக்கு இருவருக்கும் இருப்பது 1 லட்சம். திட்டம் நான்காண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும்போது சந்தாவும் தொகையும் மாறுவது வழக்கம் என்பதால், உங்கள் ஓய்வு மாதத்தில் நடப்பிலுள்ள அரசாணையைக் கருவூலத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைப் பட்டியலையும் சேர்த்தே கேளுங்கள். கடலூர்க்காரர்கள் அவசரத்துக்குப் புதுச்சேரிக்குத்தான் ஓடுகிறோம். நீங்கள் ஓடப்போகும் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே பார்த்து, பெயரை எழுதி ஆதார் அட்டையோடு வையுங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் அவசர சிகிச்சை பெற்றால், செலவைத் திரும்பப் பெறும் மனு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும். அவசரம் என்பதை மருத்துவர் எழுதித் தந்த தாள் இல்லாவிட்டால் அந்த மனு நிற்காது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் தனியார் காப்பீடு. 'சூப்பர் டாப்-அப் எடுத்துவிட்டால் போதும், மலிவு' என்று முகவர்கள் சொல்வார்கள். அதாவது, 5 லட்சம் வரையிலான செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் அந்த பாலிசி தரும். சி.ஜி.எச்.எஸ். எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் உள்ளவருக்கு இது சரியாக இருக்கலாம். தமிழ்நாடு ஓய்வூதியருக்கு இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சூப்பர் டாப்-அப்பின் 5 லட்ச வரம்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கும், அரசுத் திட்டத்தின் 5 லட்சமோ நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் நிரம்பும். அரசுத் தொகை முதல் ஆண்டிலேயே தீர்ந்து, இரண்டாம் ஆண்டில் 3 லட்ச ரூபாய்ச் செலவு வந்தால், அரசுத் திட்டமும் தராது, சூப்பர் டாப்-அப்பும் தராது. அதனால் என் கருத்து இது: வசதி இருந்தால் 5 லட்சத்துக்கு ஒரு சாதாரண பாலிசி, அதன்மேல் சூப்பர் டாப்-அப். அந்த அளவு முடியாவிட்டால் சூப்பர் டாப்-அப் மட்டும் எடுத்து, ஓய்வுப் பணத்தில் 5 லட்சத்தை மருத்துவத்துக்கென்றே தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் தொடாமல் வையுங்கள்.

57 வயதில் ஏன் தொடங்க வேண்டும்? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருப்புக் காலம் இருக்கலாம். கண்புரை, மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் அப்படியே. 57இல் எடுத்தால் 60இல் அந்தக் காலம் முடிந்திருக்கும். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். 65 வயதுக்கு மேல் பாலிசி தர மாட்டோம் என்று நிறுவனங்கள் பொதுவாக மறுக்கும் நிலை 2024 ஏப்ரலிலிருந்து இல்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 22.9.2025 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்தது.

படிவத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள். முகவர் 'எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால் அவரைவிட்டு வேறொருவரிடம் போங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து புதுப்பித்துவந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவல் சொல்லவில்லை என்ற காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு உண்மை சொன்னவருக்குத்தான் முழுமையாக உதவும். பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். அந்த 30 நாளில் அறை வாடகை வரம்பைத் தேடிப் படியுங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியில் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், இழப்பு அந்த 3,000 ரூபாயோடு நிற்காது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 1,60,000 என்றால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 1,00,000 மட்டுமே வரும். வரம்பே இல்லாத பாலிசிக்குச் சற்று அதிகம் கொடுப்பது வீண்செலவு அல்ல.

இனி மத்திய அரசு ஓய்வூதியர்கள். புதுச்சேரியில் சி.ஜி.எச்.எஸ். நலவாழ்வு மையம் இருக்கிறது. கடலூரில் வசிப்பவர் சி.ஜி.எச்.எஸ். எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்பதால் அவருக்கு வழிகள் சில உண்டு. மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படி மட்டும் வாங்கலாம். சந்தா செலுத்திப் புதுச்சேரியில் அட்டை எடுத்து, மாத்திரை முதல் உள்நோயாளி சிகிச்சைவரை எல்லாம் பெறலாம். அல்லது சந்தா செலுத்தி, உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும் அட்டையை வைத்துக்கொண்டு, வெளிநோயாளிச் செலவுக்கு 1,000 ரூபாயை வாங்கிக்கொள்ளலாம்.

1,000 ரூபாய்ப் படி மட்டும் போதும் என்று அட்டையே எடுக்காமல் விடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பணியில் இருந்தபோது செலவைத் திரும்பத் தந்த மருத்துவ உதவி விதிகள் ஓய்வூதியருக்குப் பொருந்தாது. அட்டை இல்லாமல் படுத்தால் அத்தனையும் கைப்பணம். சந்தா ஊதிய நிலை 1 முதல் 5 வரை மாதம் 250, நிலை 6க்கு 450, நிலை 7 முதல் 11 வரை 650, அதற்கு மேல் 1,000 ரூபாய். பத்து ஆண்டுச் சந்தாவை ஒரே தடவையில் கட்டினால் ஆயுள் முழுவதற்கும் அட்டை. நிலை 6 என்றால் 54,000 ரூபாய். ஓய்வுப் பணம் வந்த மாதமே கட்ட வேண்டிய முதல் செலவு இதுதான். மாதாமாதம் மாத்திரை சாப்பிடுபவர் புதுச்சேரிக்குப் போய்வர முடியும் என்றால் முழு அட்டையே நல்லது. மூட்டு வலியால் பஸ் ஏற முடியாதவர் மூன்றாம் வழியை எடுக்கலாம். 70 வயதுக்கு மேல் பரிந்துரைச் சீட்டு இல்லாமலே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம். அதே வயதில் மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டையான ஆயுஷ்மான் வய வந்தனாவும் கிடைக்கும். ஆனால் சி.ஜி.எச்.எஸ். உள்ளவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

புதுச்சேரி அரசு ஓய்வூதியர்கள் ஓய்வூதியம் மத்திய விதிப்படி என்பதால் சி.ஜி.எச்.எஸ்.ஸும் தமக்கு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. அது மத்திய அரசு ஓய்வூதியருக்கானது. உங்கள் துறையில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனியார் பாலிசியை 57 வயதிலேயே எடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: தொகுத்துப் பெறுவதா, வேண்டாமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மத்திய விதியில் கடைசி அடிப்படை ஊதியம் 60,000 என்றால் ஓய்வூதியம் 30,000. அதில் 40 சதவீதமான 12,000ஐத் தொகுத்தால், 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 12,000 × 12 × 8.194 (அந்த வயதுக்கு விதியில் உள்ள பெருக்கெண்) = 11,79,936 ரூபாய் கையில் வரும். மாத ஓய்வூதியம் 18,000 ஆகும். அகவிலை நிவாரணம் மட்டும் முழு 30,000க்கே கணக்கிடப்படும். 15 ஆண்டு முடிந்ததும் பழைய ஓய்வூதியம் திரும்பும். அதுவரை நீங்கள் விட்டுக்கொடுப்பது 21,60,000. தொகுத்ததால் குடும்ப ஓய்வூதியம் குறையாது. ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனையும் தேவையில்லை.

வீட்டுக்கடன் பாக்கி, மகள் திருமணம், மேலே சொன்ன மருத்துவ ஒதுக்கீடு இவற்றுக்கு வேறு வழியில்லை என்றால் தொகுக்கலாம். பிள்ளையின் வியாபாரத்துக்கு என்று தொகுக்காதீர்கள். இதைச் சொல்வது கடினம், கேட்பது அதைவிடக் கடினம் என்று தெரியும். ஆனால் 18,000 ரூபாயில் பதினைந்து ஆண்டு ஓட்டப்போவது நீங்களும் உங்கள் மனைவியும்தான்.

பணிக்கொடை மத்திய விதியில் ஒவ்வோர் அரையாண்டுப் பணிக்கும் ஊதியம், அகவிலைப்படி சேர்ந்த தொகையில் கால் பங்கு. உச்சவரம்பு பதினாறரை மாத ஊதியம் அல்லது 25 லட்சம், எது குறைவோ அது. அதே ஊழியருக்கு 33 ஆண்டுப் பணியும் 58 சதவீத அகவிலைப்படியும் என்று வைத்தால் 94,800 × 16.5 = 15,64,200. இதற்கும், தொகுத்த பணத்துக்கும், ஓய்வின்போது பெறும் விடுப்புப் பணத்துக்கும் அரசு ஊழியருக்கு வருமான வரி இல்லை. தமிழ்நாட்டவர்கள் 1984, 2000 ஆண்டுகளின் சிறப்பு சேமநல நிதித் திட்டங்களில் தங்களுக்கு வரவேண்டியதையும் கேட்டு வாங்குங்கள். சிறு தொகை என்று மறக்கப்படுவது அதுதான்.

ஆறாம் படி: பணம் வந்த பிறகு

அந்த வாரத்தில் வீட்டுக்கு வரும் உறவினர்களும் வங்கி அதிகாரிகளும் பலர். யாருக்கும் ஆறு மாதம் பதில் சொல்லாதீர்கள். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வரும். மனைவிக்கும் 60 வயது ஆகியிருந்தால் அவர் பெயரில் தனிக் கணக்கு தொடங்கலாம். வங்கி வைப்பில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்புறுதி. இந்த மாவட்டத்தில் நகைச்சீட்டும் நிதி நிறுவனமும் தின்ற ஓய்வுப் பணம் கொஞ்சநஞ்சமல்ல. அரசு வட்டியைவிட இரட்டிப்பு தருவதாக யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏழாம் படி: ஓய்வு பெற்ற முதல் ஆண்டு

முதல் ஓய்வூதியம் வந்ததும் வங்கித் தொகையோடு நிற்காமல் பிடித்த விவரத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டு ஓய்வூதியருக்கு மருத்துவக் காப்பீட்டுச் சந்தா பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் நீங்கள் திட்டத்தில் இல்லை என்று பொருள். தமிழ்நாடு அரசின் களஞ்சியம் செயலியில் பார்த்துவிட்டுக் கருவூலத்தில் உடனே மனு கொடுங்கள். காப்பீட்டு அட்டையில் வாழ்க்கைத்துணையின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டு நேர்காணல் தமிழ்நாட்டு ஓய்வூதியருக்கு ஓய்வு பெற்ற மாதத்தில், மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பரில், 80 வயது கடந்தவருக்கு அக்டோபரிலேயே. நடக்க முடியாதவர்கள் அஞ்சல்காரரை வீட்டுக்கு வரவழைத்து, 70 ரூபாய்க் கட்டணத்தில் மின்னணு உயிர்வாழ் சான்று கொடுக்கலாம்.

ஓய்வூதிய ஆணை கையில் வந்த நாளிலேயே உங்கள் மனைவியை அல்லது கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு, எத்தனை ஆண்டு உயர் விகிதம், பிறகு எவ்வளவு, இறப்புக்குப் பின் எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றுகளோடு போக வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஆணையின் மேல் குத்திவையுங்கள். பெயரிலோ பிறந்த தேதியிலோ ஓர் எழுத்து, ஓர் எண் தவறியிருந்தால் திருத்தக் கடிதம் அந்த வாரமே போக வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள்தான்.